சாக்கே சரியாக ருசிக்கவில்லையா? குறையைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிடிக்கலாம்

நல்ல விலை கொடுத்து வாங்கிய சாக்கேயை, அதாவது ஜப்பானிய அரிசி மதுவை, திறந்து ஒரு வாய் குடித்ததும் "இதற்குத்தானா இவ்வளவு பேச்சு" என்று தோன்றினால், உடனே பாட்டிலை ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் குறை ஆலையில் நடந்ததாக இருக்காது. எந்தச் சூட்டில் குடித்தீர்கள், எதில் ஊற்றினீர்கள், உங்கள் கைக்கு வருவதற்கு முன் அது எங்கே எப்படிக் கிடந்தது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதிலும் முதல் சந்தேகம் சூட்டின் மேல் வர வேண்டும் என்பேன். ஒரே பாட்டிலை 5 டிகிரியிலும் குடிக்கலாம், 50 டிகிரியிலும் குடிக்கலாம் என்ற வசதி உள்ள மது மிகக் குறைவு. அந்த வசதிதான் தவறான இடத்தில் நிறுத்திவிடுவதற்கும் வழி செய்கிறது.

உங்கள் குறை எதுவோ நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கிண்ணத்தையும் சூட்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியவே தெரியாது.

எதையும் தொடுவதற்கு முன்: ருசி பார்க்கும் முறை

ஜப்பானில் சாக்கே ஆலைகளில் இதற்கென்றே கிகிச்சோகோ என்ற வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வைத்திருப்பார்கள். உள்ளே அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெள்ளைப் பரப்பில் நிறம் தெரியும், நீலக் கோட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா மங்குகிறதா என்று பார்த்தால் கலங்கல் தெரியும். அது கிடைக்காவிட்டால் வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு கண்ணாடிக் கோப்பை போதும்.

பாருங்கள், அப்புறம் முகர்ந்து பாருங்கள், அதற்குப் பிறகுதான் வாய். ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, அந்தக் காற்றை மூக்கு வழியே விடுங்கள். இப்படி வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் மணத்தை ஃபுகுமிகா என்பார்கள். பல சாக்கேகள் கிண்ணத்தில் அமைதியாக இருந்துவிட்டு இங்கேதான் பேசத் தொடங்கும். விழுங்கிய பின் ருசி எவ்வளவு வேகமாக, சுத்தமாக மறைகிறது என்பதையும் கவனியுங்கள். கிரே என்று அதற்குப் பெயர். ஜப்பானியர்கள் ஒரு சாக்கேயைப் பாராட்டும்போது அடிக்கடி வரும் சொல் இது.

மணமே வரவில்லை

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினீர்களா? 5 டிகிரியில் மணப்பொருட்கள் அவ்வளவாக ஆவியாகாது. அரிசியை நிறையத் தீட்டிச் செய்யும் கின்ஜோ, தாய்கின்ஜோ வகைகளில் வரும் பழ மணத்துக்குக் காரணம் முக்கியமாக இரண்டு எஸ்டர்கள். வாழைப்பழ மணம் தருவது ஐசோஅமைல் அசிடேட், ஆப்பிள், பேரிக்காய் பக்கம் போவது எத்தில் கேப்ரோயேட். இரண்டும் 10 முதல் 15 டிகிரிக்குள் நன்றாகத் திறக்கும். கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அதுவும் உதவவில்லையா, கிண்ணத்தை மாற்றுங்கள். ஒச்சோக்கோ எனும் சின்னக் கிண்ணத்தில் மணம் சேர இடமில்லை. வெள்ளை வைன் குடிக்கும் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் அதே சாக்கே வேறு ஆளாக வரும்.

இன்னொரு சாத்தியம், அது மணத்துக்காகச் செய்த சாக்கேயே இல்லை. சாதாரண ஜுன்மாய் (வடித்த ஆல்கஹால் சேர்க்காதது), ஹொன்ஜோசோ (கொஞ்சம் சேர்த்தது) வகைகளில் பழ மணத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். வெந்த அரிசி, லேசான பால் வாசம், சில சமயம் காளான் போன்ற ஒன்று, இவ்வளவுதான் வரும், அதுவும் ஃபுகுமிகாவில்தான். ஜப்பானில் சாக்கேயை மணம் மிகுந்தது, இலகுவானது, அரிசிச் சாரம் நிறைந்தது, முதிர்ந்தது என்று நான்காகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் முடிவுசெய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தொண்டையைச் சுடுகிறது, வெறும் ஸ்பிரிட் மாதிரி இருக்கிறது

லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். சாக்கே புளிக்கும்போது கோஜி பூஞ்சை அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் வேலையும் ஒரே தொட்டியில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைப்பதால் ஈஸ்ட் களைக்காமல் 18, 20 சதவீதம் வரை கொண்டுபோய்விடும். வழக்கமாகத் தண்ணீர் சேர்த்து 15, 16க்கு இறக்குவார்கள். தண்ணீர் சேர்க்காமல் விட்டது கென்ஷு. கையில் இருப்பது 18 சதவீத கென்ஷு என்றால் 100 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் சேருங்கள், 16.4க்கு வந்துவிடும். ஒரு ஐஸ் கட்டி போட்டாலும் சரி. ஜப்பானியர்களே செய்வதுதான், சாக்கேக்கு அவமரியாதை எதுவும் இல்லை.

சதவீதம் 15தான், ஆனாலும் சுடுகிறது என்றால் ஒரே மடக்கில் கவிழ்க்கும் பழக்கத்தை விடுங்கள். வெறும் வயிற்றில் முதல் வாயை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். மூன்றாவது வாயிலிருந்துதான் நாக்கு ஆல்கஹாலைத் தாண்டி உள்ளே பார்க்கும்.

சிலர் "ஆல்கஹால் கலந்திருக்கிறார்கள், அதனால்தான்" என்பார்கள். ஹொன்ஜோசோவிலும், ஜுன்மாய் என்று குறிப்பிடாத கின்ஜோ, தாய்கின்ஜோவிலும் வடித்த ஆல்கஹால் சேர்ப்பது உண்மை. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, பயன்படுத்திய வெள்ளை அரிசியின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எஸ்டர்கள் ஆல்கஹாலில் நன்றாகக் கரைவதால், பிழிவதற்கு முன் இதைச் சேர்த்தால் மணம் வண்டலோடு போய்விடாமல் சாக்கேயில் தங்கும். 1911இலிருந்து நடக்கும் தேசியப் புதுச் சாக்கே போட்டிக்குப் பெரிய ஆலைகள் அனுப்பும் தாய்கின்ஜோக்களில் பல இப்படிச் செய்தவைதான். ஜுன்மாய்தான் சுத்தம், மற்றது கலப்படம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

சூடாக்கிக் குடித்தேன், மணமும் போய் கசப்பும் வந்துவிட்டது

இங்கேதான் அதிகம் பேர் சாக்கேயைக் கைவிடுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

சூடான சாக்கே என்று ஒன்று இல்லை, பல படிகள் இருக்கின்றன. 30 டிகிரி ஹினாதகான், 35 ஹிதோஹதகான், 40 நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான், 55 தோபிகிரிகான். குளிர்ந்த பக்கம் 15 சுசுபியே, 10 ஹனாபியே, 5 யுகிபியே. ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் வைக்கிற அளவுக்கு வித்தியாசம் நாக்கில் தெரிகிறது. உணவகங்களில் பலவற்றில் நேரே 55க்கு மேல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள், ஆல்கஹால் ஆவி மூக்கைக் குத்தும், வேறு எதுவும் தெரியாது.

முதல் கேள்வி, எதைச் சூடாக்கினீர்கள்? மெல்லிய பழ மணமுள்ள தாய்கின்ஜோ என்றால் அந்த மணம் சூட்டில் பறந்துவிடும், மீதியில் கசப்பு துருத்தும். சூடு ஏற ஏற அழகாவது ஜுன்மாய், அதிலும் கிமோதோ, யாமாஹாய் முறைகளில் செய்தவை. இந்த முறைகளில் ஈஸ்ட் வளர்ப்புத் தொட்டிக்கு லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றுவதில்லை, ஆலையில் இயல்பாக இருக்கும் பாக்டீரியாக்களே அதை உண்டாக்கும்வரை காத்திருக்கிறார்கள். கிமோதோவில் அரிசியையும் கோஜியையும் கழியால் மணிக்கணக்கில் மசிக்கும் வேலை உண்டு. அந்த மசிப்பு தேவையில்லை என்று 1909இல் அரசின் மது ஆய்வகம் கண்டறிந்த பிறகு வந்தது யாமாஹாய். இரண்டிலும் லாக்டிக் அமிலமும் அமினோ அமிலங்களும் தாராளமாக இருக்கும். லாக்டிக், சக்சினிக் அமிலங்கள் குளிரில் கொஞ்சம் முரடாகவும் சூட்டில் உருண்டையாகவும் நாக்கில் படும். ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம் இதற்கு நேர்மாறு, குளிரில்தான் அழகு. ஒரு பாட்டிலைச் சூடாக்கலாமா என்று தெரியவில்லையா, குளிராகக் குடிக்கும்போது அடர்த்தியாகவும் கொஞ்சம் மூடிக்கொண்டதாகவும் தோன்றினால் சூடாக்குங்கள், பழ மணம் பளிச்சென்று வந்தால் வேண்டாம்.

இரண்டாவது, எப்படிச் சூடாக்கினீர்கள்? பாத்திரத்தில் நேரடியாக ஊற்றி அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். டோக்குரி எனும் குறுகிய கழுத்துள்ள சாக்கேக் குடுவையில் கழுத்து வரை சாக்கேயை ஊற்றி அந்தத் தண்ணீரில் தோள் மூழ்கும்படி இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் நுருகானுக்கு வந்துவிடும். சமையல் வெப்பமானி இருந்தால் 40இல் எடுங்கள், இல்லாவிட்டால் டோக்குரியின் அடியைத் தொட்டுப் பாருங்கள், இதமாக இருந்தால் போதும், சுட்டால் தாண்டிவிட்டது. தாண்டிவிட்டாலும் கவலை வேண்டாம், தானாக ஆறவிட்டுக் குடியுங்கள். கான்சமாஷி என்று இதற்கும் பெயர் உண்டு. திடமான யாமாஹாயை 55 வரை ஏற்றி 40க்கு ஆறவைத்தால், நேராக 40இல் நிறுத்தியதைவிட மென்மையாக இருக்கும் என்பது என் அனுபவம். மைக்ரோவேவில் மேல்பகுதி கொதித்து அடிப்பகுதி குளிர்ந்திருக்கும், வேறு வழியே இல்லையென்றால் பாதியில் எடுத்துக் கலக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

இன்னொன்று. ஜப்பானில் அறை வெப்பநிலை என்று எழுதியிருந்தால் சுமார் 20 டிகிரி என்று பொருள். சென்னையில் மே மாதத்தில் மேசைமேல் நிற்கும் பாட்டில் ஹினாதகானையே தாண்டியிருக்கும். 20 வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துத்தான் வர வேண்டும்.

லேபிளில் +5 என்று போட்டிருக்கிறது, ஆனால் இனிக்கிறது

அந்த எண்ணுக்கு நிஹொன்ஷுதோ என்று பெயர். 15 டிகிரியில் சாக்கேயின் அடர்த்தியை அளந்து போடுவது, அவ்வளவுதான். சர்க்கரை மிகுந்து கனமானால் மைனஸ், சர்க்கரை குறைந்து இலகுவானால் பிளஸ். நாக்கு அடர்த்தியை மட்டும் அளப்பதில்லையே! அமிலம் குறைவாக இருந்தால் +5 கூட இனிக்கும், அமிலம் அதிகமென்றால் மைனஸ் எண் உள்ளது கூட வறண்டதாகத் தோன்றும். பழ மணம் இருந்தாலே மூளை இனிப்பைச் சேர்த்துவிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் அமில எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். அது 1.2 பக்கம் இருந்தால் மென்மை, 1.8ஐத் தாண்டினால் திடமான உடம்பு. இனிப்பு உறுத்தினால் இன்னும் ஐந்து டிகிரி குளிர வையுங்கள்.

புளிக்கிறது

கிமோதோவா, யாமாஹாயா? அப்படியானால் அது அதன் குணம், சூடாக்குங்கள் அல்லது கொழுப்புள்ள உணவோடு வையுங்கள். மாலிக் அமிலம் அதிகம் தரும் ஈஸ்டில் செய்த புதுவகைகளும் வேண்டுமென்றே புளிக்கும், அவற்றை நன்றாகக் குளிர வையுங்கள்.

புளிப்போடு கலங்கலும் கெட்ட வாடையும் சேர்ந்து வந்தால் கதை வேறு. ஹியோச்சி பாக்டீரியா என்று லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் உண்டு. ஆல்கஹாலில் சாகாமல் அதிலேயே வாழும். இவற்றை ஒழிக்கத்தான் 60, 65 டிகிரியில் சாக்கேயைச் சூடாக்கி இறக்குகிறார்கள், பொதுவாக இரண்டு தடவை. அந்தச் சூடாக்கல் இல்லாத நாமா வகையை வெளியில் வைத்திருந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம். திருத்த வழியில்லை, கொட்டிவிடுங்கள்.

கெட்ட வாடை வருகிறது

எந்த வாடை என்பதை வைத்தே பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும்.

வெண்ணெய், தயிர் போல அழுத்தமாக வந்தால் டையசெட்டைல் என்ற பொருள், புளிக்கவைத்ததில் கோளாறு அல்லது ஹியோச்சியின் வேலை. நெயில் பாலிஷ் போல வந்தால் எத்தில் அசிடேட் அளவு மீறியிருக்கிறது, கோப்பையில் கால் மணி நேரம் விட்டால் சில சமயம் குறையும். ஈரமான அட்டை, பூஞ்சை பிடித்த மூலை போல வந்தால் டிசிஏ என்ற பொருள், கார்க் கெட்ட வைனில் வரும் அதே ஆள்தான், காற்றுப்பட்டாலும் போகாது.

ஊறிய முள்ளங்கி, வெந்த முட்டைக்கோஸ் போன்ற வாடை ஹினேகா. டைமெத்தில் டிரைசல்ஃபைடு என்ற கந்தகப் பொருள், சூடான இடத்தில் நெடுநாள் கிடந்த சாக்கேயில் உருவாகும். லேசாக இருந்தால் 45 டிகிரிக்குச் சூடாக்கிக் கொழுப்பான உணவோடு குடித்துத் தீர்க்கலாம். நாமா வகையில் வருவது வேறு, கனமான, கொட்டை போன்ற, கொஞ்சம் வியர்வை கலந்த வாடை. அதில் கோஜியின் நொதிகள் சாகாமல் வேலை செய்துகொண்டே இருந்து ஐசோவேலரால்டிஹைடு என்ற பொருளைச் சேர்த்துவிடும். குளிர்பெட்டியில் வைக்காத கடையில் நாமா வாங்கவே வேண்டாம்.

மிருக வாடையும் கருகலும் சேர்ந்தாற்போல் வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. நேர் வெயில் என்றால் சில மணி நேரமே போதும், கடை அலமாரியின் விளக்கும் மெதுவாக அதையே செய்யும். பழுப்பு பாட்டில் நன்றாகக் காக்கும், பச்சை சுமார், வெள்ளைக் கண்ணாடி காக்கவே காக்காது. செய்தித்தாள் சுற்றி வைப்பது மலிவான, முழுமையான தீர்வு.

மஞ்சளாக இருக்கிறது

இளமஞ்சள் இயல்பு. கரித்தூள் போட்டு வடிகட்டினால் நிறம் போகும், வடிகட்டாத முரோகாவில் நிற்கும். ஆண்டுக்கணக்கில் முதிரவைத்த கோஷு தேன் நிறத்துக்கும் போகும், சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து செய்யும் மாற்றம் அது, உலர்பழம், சோயா சாஸ், கேரமல் எல்லாம் மணக்கும். மஞ்சளோடு ஹினேகாவும் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

நிறத்தின் இன்னொரு எதிரி இரும்பு. கோஜி தரும் ஒரு பொருள் இரும்போடு சேர்ந்து செம்பழுப்பாகிவிடும், ருசியும் கெடும். அதனால் சாக்கே செய்யும் தண்ணீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக்கூடாது என்று பார்ப்பார்கள். 1840இல் நிஷினோமியாவில் யாமமுரா தாசாஎமோன் கண்டறிந்த மியாமிசு ஊற்று இவ்வளவு புகழ் பெற்றதற்கு அதில் இரும்பு மிகக் குறைவு என்பதும் ஒரு காரணம். ஈஸ்டுக்கு வேண்டிய பாஸ்பேட், பொட்டாசியம் அதில் நிறைய, அந்த ஊர் அடங்கிய நாதா பகுதி சாக்கேயின் திடமான ருசி அங்கிருந்துதான் வருகிறது.

கலங்கியிருக்கிறது

வண்டலில் கொஞ்சத்தை விட்டுவைத்த நிகோரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், மெதுவாகத் தலைகீழாக்கிக் கலந்து ஊற்றுங்கள். நுரைக்கும் நிகோரியை மட்டும் குலுக்கவே குலுக்காதீர்கள். நன்றாகக் குளிரவைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து, நுரை ஏறினால் மூடி, மறுபடி திறந்து என்று பொறுமையாகப் போங்கள். தெளிவான சாக்கே லேசாக மங்கியிருந்து வாடையும் புளிப்பும் இல்லாவிட்டால் புரதம் திரண்டிருக்கும், குடிக்கலாம்.

உப்புக் கரிக்கிறது

சமையலுக்கான சாக்கேயை வாங்கியிருக்கிறீர்கள். மது வரிக்குள் வராமலிருக்க, குடிக்க முடியாதபடி சுமார் 2 சதவீதம் உப்புச் சேர்ப்பார்கள். குழம்பில் போடுங்கள், வேறு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விலை அதிகமானதும் மலிவானதும் ஒன்றுபோலத் தெரிகிறது

விலையை ஏற்றுவதில் பெரும்பங்கு அரிசியைத் தீட்டுவது. ஹொன்ஜோசோவுக்கு 70 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் மிஞ்ச வேண்டும், கின்ஜோவுக்கு 60, தாய்கின்ஜோவுக்கு 50. யாமகுச்சி மாகாணத்திலிருந்து வரும் தஸ்ஸாய் 23 என்ற சாக்கேயின் பெயரில் உள்ள எண் மிஞ்சிய அரிசியின் சதவீதம்தான். தீட்டத் தீட்டப் புரதமும் கொழுப்பும் போய்ச் சுத்தமான, மணமான சாக்கே வரும். கூடவே அரிசியின் சாரமும் குறையும். ஜுன்மாய்க்கு இருந்த 70 சதவீத எல்லையை 2004இல் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு 80 சதவீத அரிசியில் அருமையான ஜுன்மாய்கள் வருகின்றன. சாப்பாட்டோடு எனக்கு அவைதான் பிடிக்கும், தாய்கின்ஜோவைத் தனியாக முதல் கோப்பையாக வைத்துக்கொள்வேன்.

பல பாட்டில்களை வரிசையாகப் பார்க்கிறீர்கள் என்றால் நாக்கு களைத்துப் போயிருக்கலாம். இலகுவானதில் தொடங்கி முதிர்ந்ததில் முடியுங்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். யவராகி மிசு என்று சாக்கேக்குச் சமமான அளவு தண்ணீரைப் பக்கத்தில் வைப்பது வழக்கம். மறுநாள் தலைக்கும் நல்லது.

சாப்பாட்டோடு சேரவில்லை

சாக்கேயில் குளுட்டாமிக் அமிலம் உண்டு, மீனிலும் இறைச்சியிலும் இனோசினிக் அமிலம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் உமாமி எனும் சாறான சுவை பல மடங்காகும். வைனில் இரும்பு கூடினால் கடல் உணவோடு மீன் கவிச்சி கிளம்பும், சாக்கேயில் இரும்பு மிகக் குறைவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சேரவில்லை என்றால் எடைதான் பொருந்தவில்லை: பச்சை மீனுக்கு இலகுவான குளிர்ந்த ஹொன்ஜோசோ, சுட்ட விலாங்குக்கும் மிசோ எனும் சோயா விழுதில் வெந்த பன்றிக்கும் சூடான யாமாஹாய். மிளகாய்க் காரம் உள்ள மீன் வறுவலோடு வறண்ட சாக்கே குடித்தால் ஆல்கஹால் காரத்தைத் தூண்டிவிடும், அங்கே குளிர்ந்த இனிப்பு நிகோரி நன்றாக நிற்கும்.

திறந்து சில நாளில் சப்பென்று ஆகிவிட்டது

காற்று வேலை செய்கிறது. நிமிர்த்தியே ஃப்ரிட்ஜில் வையுங்கள், படுக்கவைத்தால் காற்றுப்படும் பரப்பு கூடும். 1.8 லிட்டர் பாட்டிலில் பாதி தீர்ந்ததும் சின்னப் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். மணமுள்ள தாய்கின்ஜோவை ஒரு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. யாமாஹாய் அப்படியில்லை, திறந்து சில நாள் கழித்துத்தான் சிலது மலரும், அதனால் முதல் நாள் பிடிக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

வாங்கும்போதே பழசாக இருந்ததா என்று பார்க்க லேபிளில் தயாரித்த மாதத்தைத் தேடுங்கள். அது பெரும்பாலும் பாட்டிலில் அடைத்த மாதம். 2023 ஜனவரியிலிருந்து அதை அச்சிடுவது கட்டாயமில்லை, காலாவதித் தேதியும் சாக்கேக்குக் கிடையாது, அதனால் தேதி இல்லாத பாட்டிலென்றால் கடையில் எப்போது வந்தது என்று கேட்டுவிடுங்கள்.

மணம் போன மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். மட்டிச் சிப்பியை வாணலியில் போட்டு அரைக் கோப்பை ஊற்றி மூடி, ஓடுகள் திறக்கும்வரை வேகவிடுங்கள். சோறு வைக்கும்போது இரண்டு கோப்பை அரிசிக்கு ஒரு தேக்கரண்டி விட்டாலும் போதும், பழைய அரிசியின் வாடை அடங்கிவிடும்.